பதினோரு நாள் தீவனம்

மார்ச் 6

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கொட்டிலில் ஒரு உயிரைச் சாய்த்துப் போட்டுவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

போனில் இரண்டு தடவை பேசிப் பார்த்தாயிற்று. முதல் தடவை நீ கத்திவிட்டு வைத்தாய். இரண்டாம் தடவை நான் கத்திவிட்டு வைத்தேன். காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து பேச உன்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்திருக்கிற தீவன ஆலை வழியாகத்தான் நம் பால் வண்டி தினமும் போகிறதாம். வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுகிறேன். "ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து அடிச்சுக்கிட்டா எனக்கு இந்தக் கவர் தூக்குற வேலை மிச்சம்" என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

ஒத்தைக்கொம்பி செத்து இன்றோடு ஐந்து நாள். கடைசி நாள் அவள் கிடந்த கிடை உனக்கும் தெரியும். இடது பக்கம் வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, பின்னால் சாணிக்குப் பதில் புளித்த தண்ணீர். மாட்டு டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு வெளியே எடுத்தாரே, ஒரு வாளி நிறைய மக்காச்சோள மாவும் புண்ணாக்கும். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. "யாருங்க இவ்வளவு அடர்தீவனம் போட்டது? இது எருமை வயிறா, மாவு மில்லா?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்த்தாய்.

அந்தச் சுவரில் எழுதியது நீதானே? எந்த எருமை எத்தனை லிட்டர், அதற்கு எத்தனை கிலோ என்று கரிக்கட்டியால் கட்டம் கட்டமாக. மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்து, அங்கே கொடுத்த தொப்பியைக்கூடக் கழற்றாமல் எனக்குப் பாடம் எடுத்தாய். நான்கு கிலோ தின்று நன்றாகத்தான் இருந்தாள் அவள். நீ வந்து ஆறு கிலோ என்றாய். உன் சுவர் கேட்டதைப் போட்டுப் போட்டு மூட்டைகள் பறந்தன. மூன்று நாள் வர வேண்டிய மூட்டை ஒன்றரை நாளில் காலி. மற்ற இரண்டும் கழிச்சலோடு தப்பித்தன. அவள் தப்பிக்கவில்லை.

உன் படிப்பு அவளைக் கொன்றுவிட்டது. நீ கொன்றாய். நான் சுற்றி வளைக்கவில்லை, நேராகவே சொல்கிறேன்.

சாம்பிக்கு இன்னும் ஒரு மாதத்தில் கன்று. அவளை நானே பார்த்துக்கொள்வேன், நீ கவலைப்பட்டுக் கிழிக்க வேண்டாம். தீவன அறைச் சாவி உன்னோடு போய்விட்டது. பூட்டை உடைத்து உள்ளே போனேன். இருந்தாலும் சாவியைக் கொடுத்தனுப்பு.

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

சாவி கவருக்குள் இருக்கிறது. உடைந்த பூட்டை அதைக் கொண்டு திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்.

ஆமாம், சுவரைத்தான் பார்த்தேன். எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்தேன். பத்து லிட்டர் கறக்கிறவள். இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ, அவள் உடம்புக்கு ஒரு கிலோ. மொத்தம் ஆறு. காலையில் மூன்று, மாலையில் மூன்று. இது என் தலையிலிருந்து வந்த கணக்கில்லை. எருமை வைத்திருக்கிற பாதிப் பேர் இப்படித்தான் போடுகிறார்கள், அவர்கள் எருமையெல்லாம் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது. கிலோ டப்பாவில் தலைதட்டி அளந்து மூன்று டப்பா போட்டேன். ஒரு பிடி கூட்டவில்லை. எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

கூட்டியது யார் என்று உனக்குத் தெரியாதா? ஒரு எருமை உன்னைத் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், "பசிக்குதாடி கண்ணு" என்று உருகி, கையில் அகப்பட்டதை அள்ளிப் போடுவாய். மிஞ்சிய சோறு போட்டிருப்பாய். கஞ்சி ஊற்றியிருப்பாய். மூட்டை சீக்கிரம் காலியானதை நானும் பார்த்தேன். அக்கா வாரி இறைக்கிறாள் என்று அன்றைக்கே நினைத்தேன். கேட்டிருப்பேன். நீதான் என்னோடு பேசவில்லையே!

பேச்சை நிறுத்தியது யார் என்றும் எழுதிவிடுகிறேன், பின்னால் மாற்றிச் சொல்வாய். ஒத்தைக்கொம்பி கன்று போட்டது காலை பத்து மணிக்கு. "நஞ்சுக்கொடி விழாம சீம்பால் கறக்கக் கூடாது" என்று மடிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காவல்காரன் மாதிரி நின்றாய். நஞ்சு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் விழுந்தது. அந்த எட்டு மணி நேரமும் கன்று என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் கெஞ்சினேன். நீ அசையவில்லை. ஒன்பதாம் நாள் கழிந்து கழிந்து செத்தது. முதல் மணி நேரத்தில் சீம்பால் போகாத கன்றுக்கு எதையும் தாங்கும் தெம்பு இருக்காது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

"கன்னுக்குட்டியைக் கொன்னது நீதான்" என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அன்றைக்கு மூடிய வாயை நீ பதினோரு நாள் திறக்கவில்லை. ஒத்தைக்கொம்பி விழுந்த பிறகுதான் திறந்தாய், அதுவும் என்னைக் கொலைகாரி என்று சொல்வதற்கு.

இங்கே சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை. ஆலையில் எட்டு மணி நேரம் தவிட்டுத் தூசி. மூக்கைச் சிந்தினால் மஞ்சளாக வருகிறது. ஊரில் உள்ள எருமைக்கெல்லாம் தீவனம் கலக்கிறேன், ஒருத்தி கூடச் செத்ததாகத் தகவல் இல்லை.

சாம்பி கன்று போட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடு. நஞ்சு விழட்டும், விழாமல் போகட்டும். காம்பை இழுத்தால்தான் நஞ்சும் சீக்கிரம் விழும். இதையாவது கேள்.

தங்கச்சி


மார்ச் 11

தங்கச்சிக்கு,

சோறா? நான் சோறு போட்டேனா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாளியைத் தூக்கி எறிந்தேன். வாளிதான் நசுங்கியது. வீட்டில் இரண்டே பேர், பேசாத இரண்டு பேர், அதில் மிஞ்சுகிற சோற்றில் ஒரு காக்கைக்குப் பசியாறாது. அதைத் தின்றா எருமை செத்தது?

மூன்று டப்பா தலைதட்டிப் போட்டாளாம்! வாய் கூசவில்லையா உனக்கு? அந்தப் பதினோரு நாளும் தீவனம் போட்டது நான். நீ போர்வையை விட்டு வெளியே வந்ததே ஏழு மணிக்கு. என் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நான் பால் ஊற்றக் கிளம்பும் வரை அறைக்குள்ளேயே கிடந்தாய். எனக்குத் தெரியாதா?

முன்பெல்லாம் நீ தொட்டியில் தீவனம் வைப்பாய், நான் கறப்பேன். நீ வராமல் போனால்? கன்றைப் பறிகொடுத்தவள் அவள். தீவனத்தைப் பார்த்தால்தான் பால் இறக்குவாள், இல்லாவிட்டால் காம்பு கல்லு மாதிரி. ஐந்து மணிக்கு நானே மூன்று டப்பா போட்டு, அவள் வாய் வைத்ததும் ஓடிவந்து உட்கார்ந்து கறந்தேன். மற்றவர்களுக்கும் அப்படியே. சாயங்காலம் நான்கு மணிக்கும் அப்படியே. உன் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் நீ சுவரில் எழுதிய அளவை மீறவில்லை. அதுதான் நான் செய்த தப்பு. மீறிக் குறைத்திருக்க வேண்டும்.

நீ என்ன போட்டிருப்பாய்? வைக்கோலைக் காட்டித் தண்ணீர் வைத்திருப்பாய். அதை இப்போது மூன்று டப்பா, தலைதட்டி, சாமி முன்னால் என்று எழுதுகிறாய். உன் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு பையோடு இங்கே வந்தபோதும் இப்படித்தான், எல்லாத் தப்பும் அந்த மனுஷன் மேல். ஆறு வருஷம் நான் நம்பினேன். இப்போது அவன் பக்கத்தையும் கேட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது.

இனி இந்தக் கொட்டிலில் யாருக்கும் அடர்தீவனம் கிடையாது. தீவன அறைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டேன். வைக்கோல், தண்ணீர், அவ்வளவுதான். பால் பாதியாகிவிட்டது, ஆகட்டும். சாம்பிக்கு முதுகெலும்பு தெரிகிறது, தெரியட்டும். தீவனம் தின்று ஒருத்தி போனது போதும்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

என் புருஷனைப் பற்றி நீ எழுதியதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்கு இப்போது நேரமில்லை. உன் கடிதத்தை ஆலை வாசலில் நின்றபடி நான்கு தடவை படித்தேன். மேஸ்திரி வந்து "வீட்ல ஏதாச்சும் ஆகிப்போச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நிதானமாகப் படி. படித்து முடிக்கும் வரை எதையும் தூக்கி எறியாதே.

நீ ஐந்து மணிக்குப் போட்டிருக்கிறாய். நீ போட்டது எனக்குத் தெரியாது. நீ பால் ஊற்றக் கிளம்பியதும் ஏழரை மணிக்கு நான் கொட்டிலுக்கு வந்தேன். தினமும் வந்தேன். தொட்டி நக்கி வழித்துச் சுத்தமாக இருந்தது. எருமைகள் என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டின. எருமை எப்போது நீட்டாமல் இருந்தது? கறந்துவிட்டுத் தீவனம் வைக்காமலே போய்விட்டாள், என் மேல் உள்ள கோபத்தை இவர்கள் வயிற்றில் காட்டுகிறாள் என்று நினைத்தேன். மூன்று டப்பா அளந்து போட்டேன். சாயங்காலம் நீ இரண்டாவது தடவை பால் ஊற்றப் போனதும் ஆறு மணிக்கு மறுபடி மூன்று டப்பா.

நீ சொல்வதும் பொய்யில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. ஆறு கிலோ தின்ன வேண்டியவள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோ தின்றாள். பதினோரு நாள். அதனால்தான் மூட்டை பறந்தது. அதுதான் அந்த வாளி.

இனி டப்பாவுக்கு வருகிறேன். ஒருத்தி மட்டும் கொட்டிலில் இருக்கும் நாளில், தீவனம் போட்டவள் டப்பாவைத் தூண் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். அடுத்து வருகிறவள் அதைப் பார்த்தால் மறுபடி போட மாட்டாள். ஆறு வருஷமாக நம் வழக்கம். அந்தப் பதினோரு நாளும் நான் வரும்போது டப்பா நிமிர்ந்துதான் இருந்தது. நீ ஏன் கவிழ்க்கவில்லை?

என்னிடம் திருப்பிக் கேட்பாய். நானும் கவிழ்க்கவில்லை. முதல் நாள் கவிழ்க்கத்தான் போனேன். கையில் டப்பாவோடு நின்று யோசித்தேன். கவிழ்த்து வைத்தால் உன்னோடு பேசின மாதிரி ஆகிவிடும், நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று நிமிர்த்தியே வைத்துவிட்டு வந்தேன். எழுதும்போதே அவமானமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

உன்னைத் திட்ட எனக்கு இப்போது முழு நியாயம் கிடைத்துவிட்டது, ஆனால் எங்கே திட்டினாலும் பாதி என் மேலேயே வந்து விழுகிறது. அந்த ஆத்திரம் வேறு.

சாம்பிக்கு அடர்தீவனத்தை ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறாய். நிறைமாதச் சினையில் வெறும் வைக்கோலா? இன்றைக்கே கயிற்றை அவிழ். முதல் மூன்று நாள் அரை கிலோ. பிறகு மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை கிலோ கூட்டி இரண்டு கிலோவில் நிறுத்து. ஒரேயடியாகக் கொட்டிவிடாதே. பசும்புல்லை நறுக்கி வைக்கோலோடு கலந்து கொடு. தாது உப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

தங்கச்சி


மார்ச் 15

நன்றாக இருக்கிறது உன் சாமர்த்தியம். நான் தனியாகக் கொன்றேன் என்று சொன்னால் எடுபடாது என்று தெரிந்ததும், இருவரும் சேர்ந்து கொன்றோம் என்கிறாய்.

நான் டப்பாவைக் கவிழ்த்துத்தான் வைத்தேன். எல்லா நாளும் கவிழ்த்தேன். காற்றில் விழுந்திருக்கும். பூனை தட்டியிருக்கும். உன் கண் சரியில்லை.

அவள் பிறந்த நாளிலிருந்து நான் வளர்த்தேன். அந்த ஒரு கொம்பு ஒடிந்தபோது மஞ்சள் வைத்துக் கட்டி மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கையால் போட்ட தீவனம் அவளைக் கொன்றது என்று நீ எழுதுகிறாய், அதையும் கூட்டல் கணக்கு மாதிரி எழுதுகிறாய்.

இனி எழுதாதே. எழுதினால் கவரைப் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

(கையெழுத்துப் போடக் கூடப் பிடிக்கவில்லை.)


மார்ச் 18

அக்காவுக்கு,

பிரிக்காமல் அடுப்பில் போடுவேன் என்றாய். அதனால் கவரே இல்லை. தீவன மூட்டையில் தைக்கிற அட்டைகளின் பின்புறத்தில் எழுதித் திறந்தே கொடுத்திருக்கிறேன். வண்டிக்காரரிடம் வாசலில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஐயா, நீங்கள் வெட்கப்படாமல் படியுங்கள். அவள் வாளியை எறிந்தால் விலகிக்கொள்ளுங்கள்.

நேற்று இவர் சொன்னார், சாம்பியை வாலைப் பிடித்துத் தூக்கினால்தான் எழுகிறாளாம். "உங்கக்கா தனியாத் தூக்கிட்டிருந்தாங்க, நான்தான் இறங்கி ஒரு கை கொடுத்தேன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே வந்த கோபத்துக்குப் பால் கேனை உதைத்துவிட்டேன். இப்போது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.

உனக்கு அறிவிருக்கிறதா? ஒருத்தியை அளவுக்கு மேல் தீவனம் போட்டுக் கொன்றோம். இவளைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறாய். இதற்குப் பெயர் பயமா, பிராயச்சித்தமா? யாருக்கு யார் தண்டனை கொடுப்பது? என்னைத் தண்டிக்க வேண்டுமா, தண்டி. உன்னையே தண்டித்துக்கொள்ள வேண்டுமா, நீ சாப்பிடாமல் கிட. அவள் வயிற்றில் இருக்கிற குட்டி உனக்கு என்ன பண்ணியது? இப்படியே போனால் அவள் கன்று போட்டுவிட்டு எழுந்திருக்க மாட்டாள். எழுந்தாலும் மடியில் பால் இருக்காது. அடுத்த குழியையும் தோண்டி வைத்துவிடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை நீ அடுப்பில் போட்டாலும் வண்டிக்காரர் காதிலாவது விழட்டும்.

ஆறாம் நாள் ஒத்தைக்கொம்பியின் சாணி இளகியிருந்ததை நான் பார்த்தேன். அசை போடவும் இல்லை. வயிறு புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, அடர்தீவனத்தை நிறுத்தி, இரண்டு நாள் வெறும் வைக்கோல் போட்டிருந்தால் தேறியிருப்பாள். உன்னிடம் சொல்ல அடுக்களை வாசல் வரை வந்தேன். நீ திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, முதுகைக் காட்டி நின்று பாத்திரத்தை டமார் டமார் என்று அடுக்கினாய். சரிதான் போ என்று திரும்பிவிட்டேன். தனியாகவே சோடா கரைத்துக் கொடுத்தேன். தீவனத்தையும் இரண்டு நாள் நிறுத்தியிருப்பேன், அக்கா. அன்றும் தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்து, பாவம், நானும் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்று மறுபடி அளந்து போட்டேன். அன்று உன்னிடம் வாயைத் திறந்திருந்தால் இன்னும் ஐந்து நாள் கையில் இருந்தது.

நீ என்னைக் கொலைகாரி என்றாய். அந்த அடுக்களை வாசலை நினைக்கும்போது நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் சாம்பியை விட மாட்டேன். அரை கிலோ. இன்றைக்கே. வண்டிக்காரர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வார்.

தங்கச்சி


ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

முதலில் ஒன்று. இனி ஒரு தடவை அந்த மனுஷனைத் தூது அனுப்பி வாசலில் செய்தி வாசிக்க வைத்தால் உன் காலை ஒடிப்பேன். அவர் அதை ரேடியோக்காரன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். "உனக்கு அறிவிருக்கிறதா" என்ற இடத்தை எனக்குக் காது கேட்கவில்லையோ என்று இரண்டு தடவை படித்தார். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. நிறுத்துங்க என்றேன். "முழுசாப் படிக்கச் சொல்லித்தாம்மா குடுத்துவிட்டிருக்கு" என்று அடுத்த அட்டைக்குப் போனார். ஆறாம் நாள் பற்றி வந்ததும் அவரே குரலைத் தணித்துக்கொண்டார். பிறகு அட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறாமல், சாம்பியின் வாலைப் பிடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கே கயிற்றை அவிழ்த்தேன். நீ சொன்னதற்காக இல்லை. அவள் என்னைப் பார்த்த பார்வைக்காக. அரை கிலோ, மூன்று நாள். பிறகு ஒரு கிலோ. ஒவ்வொரு டப்பாவையும் போட்டுவிட்டுச் சாணியைக் கையால் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு பயம். எட்டாம் நாள் தானாக எழுந்தாள். எழுந்து முதல் வேலையாக என் காலை மிதித்தாள்.

முந்தாநாள் மதியம் இரண்டு மணிக்குக் கன்று போட்டாள். பெண். நஞ்சு விழவில்லை.

மடிக்கு முன்னால் நின்றேன். நின்றது எனக்கே தெரியவில்லை, கை தானாகவே கட்டிக்கொண்டது. கன்று தட்டுத் தடுமாறி வந்து என் முட்டியை முட்டிச் சேலையைச் சப்பியது. உள்ளே இருப்பது வெளியே வராமல் மடியைத் தொட்டால் தாய்க்கு ஆகாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டதெல்லாம் காதில் ஓடுகிறது. அதோடு உன் குரலும் ஓடுகிறது. உன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை. இந்த நேரத்தில் பக்கத்தில் நின்று கத்தாமல், எங்கேயோ சைக்கிள் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, என்னைத் தனியாக முடிவெடுக்க வைத்துவிட்டாயே என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே உட்கார்ந்து கறந்தேன். ஒன்றரை லிட்டர் சீம்பால், கன்று மூச்சுவிடாமல் குடித்தது. நீ ஒரு மணி நேரம் என்றாய். நாற்பது நிமிஷம்.

ஐந்து மணிக்கு நஞ்சு விழுந்தது. தாயும் நன்றாக இருக்கிறாள். நீ சொன்னபடியே எல்லாம் நடந்தால் எனக்கு எப்படி எரியும் என்று உனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கன்று என் கண் முன்னாலேயே வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளியது. நான் வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் என்று நினைத்துவிடாதே. நாற்பது நிமிஷ வேலை அது. போன தடவையும் நாற்பது நிமிஷ வேலைதான்.

உன் புருஷனைப் பற்றி எழுதியது தப்பு. அந்த ஆள் பக்கத்தைக் கேட்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். உன்னை நோகடிக்க வேறெதுவும் கையில் கிடைக்கவில்லை.

டப்பாவை நான் கவிழ்க்கவில்லை. காற்றுமில்லை, பூனையுமில்லை. நீ நினைத்ததைத்தான் நானும் நினைத்தேன், வார்த்தைக்கு வார்த்தை. அடுக்களை வாசலில் நீ வந்து நின்றதும் தெரியும். ஏதோ சொல்ல வந்திருக்கிறாய் என்றும் தெரியும். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாய், கேட்டால் நான் என்ன சொல்வது என்று பயந்துதான் பாத்திரத்தை அடுக்கினேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். தீரவில்லை. நீ வந்தாலும் கத்துவேன். நீயும் கத்து. கொட்டிலில் நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக் கத்தலாம். நாளைக்கு வண்டி ஆலை வாசலில் நிற்கும்போது ஏறிவிடு, சுற்றி வளைக்காதே. அதற்கு முன் ஒன்றை நான் எழுத்தில் தர வேண்டும், நேரில் எனக்கு வாய் வராது.

கன்று செத்த அன்று நீ என்னைப் பார்த்துச் சொன்னாயே, அது பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே உன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு, மறுநாள் காலையில் உன்னோடு உட்கார்ந்து டீ குடித்திருப்பேன். நீ சொன்னது உண்மை. உண்மை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அதை ஒப்புக்கொள்ள மாட்டாமல்தான் பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் ஒத்தைக்கொம்பி செத்தாள்.

அக்கா